மூவாயிரம் பேரும் ஒன்றரை லட்சம் மனுக்களும்

மணியாச்சி சந்திப்பில் 1911 ஜூன் 17 காலை, கொடைக்கானலுக்குப் புறப்பட்டு மனைவியுடன் முதல் வகுப்புப் பெட்டியில் உட்கார்ந்திருந்த திருநெல்வேலி கலெக்டர் ஆஷை ஓர் இளைஞர் சுட்டார். சுட்டவர் நடைமேடைக் கழிப்பறைக்குள் ஓடினார். அதே துப்பாக்கியால் தன் வாயில் சுட்டுக்கொண்டு இறந்தார். செங்கோட்டைக்காரர், பெயர் வாஞ்சி ஐயர், வயது 25, புனலூரில் திருவிதாங்கூர் காட்டிலாகாவில் வேலை. இவ்வளவும் பள்ளிப் பாடத்திலேயே உண்டு. அவர் சட்டைப்பையில் கிடைத்த கடிதத்தைப் பற்றியும் பலருக்குத் தெரியும். அந்தக் கடிதத்தில் வரும் ஓர் எண்ணைத்தான் யாரும் நின்று பார்ப்பதில்லை.

ஒவ்வொரு இந்தியனும் ஆங்கிலேயனைத் துரத்த முயன்றுகொண்டிருக்கிறான் என்கிறது கடிதம். ஐந்தாம் ஜார்ஜ் இந்திய மண்ணில் கால் வைத்ததும் அவரைக் கொல்வதென்று 3,000 மதராசிகள் சபதம் செய்திருக்கிறார்கள் என்றும், அதைத் தெரியப்படுத்தவே அவர்களில் கடையனான தான் இன்று இதைச் செய்வதாகவும் சொல்கிறது.

போலீஸ் சல்லடை போட்டுத் தேடியது. சென்னை உயர் நீதிமன்றத்தில் கூண்டேறியவர்கள் 14 பேர். அப்ரூவராக மாறியவர்கள் இருவர். கைதுக்கு அஞ்சித் தற்கொலை செய்துகொண்டவர்கள் இருவர். வாஞ்சியோடு மணியாச்சிக்கு வந்த மாடசாமி தப்பினார், கடைசிவரை அகப்படவில்லை. வாஞ்சியையும் சேர்த்தால் 20. போலீஸ் கண்ணில் படாதவர்கள் இன்னும் சிலர் இருந்திருக்கலாம். அப்படியே வைத்துக்கொண்டாலும் 3,000 வெகு தொலைவில் நிற்கிறது.

வெள்ளையனைப் பயமுறுத்தச் சொன்ன பொய் என்று இதை ஒதுக்கிவிடுவது சுலபம். ஆனால் சாகப்போகிறவர் எழுதிய கடிதம் அது. இருபது பேரோடு பழகிய ஒருவர் மூவாயிரம் பேர் இருப்பதாக மனதார நம்புவதற்கு அந்தக் காலத்துத் தென்காசி வட்டாரத்தில் போதிய காரணம் இருந்தது.

தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே எட்டு கிலோமீட்டர்தான். 1911இல் அந்த எட்டு கிலோமீட்டருக்குள் ஓர் அரசாங்கம் முடிந்து இன்னொன்று தொடங்கியது. தென்காசியும் குற்றாலமும் பிரிட்டிஷ் மாவட்டம். செங்கோட்டை திருவிதாங்கூர் மகாராஜாவின் சீமை. மலையைக் குடைந்து போட்ட மீட்டர்கேஜ் பாதை 1904இல் திறக்கப்பட்டதும் கொல்லம், புனலூர், செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி எல்லாம் ஒரே ரயிலில் வரும் ஊர்களாகிவிட்டன. ரகசியச் சங்கத்துக்கு இதைவிட வாகான நிலம் வேண்டுமா? ஒரு டிக்கெட் எடுத்தால் வேறு அரசாங்கம், வேறு போலீஸ்.

இந்தப் பாதையோர ஊர்களில்தான் சீர்காழிப் பக்கத்து எருக்கூர் நீலகண்ட பிரம்மச்சாரி 1910இல் ஆள் சேர்த்துக்கொண்டு போனார். காளி படத்தின் முன் உட்கார்ந்து, குங்குமம் கரைத்த நீரை வெள்ளையர் ரத்தமாகப் பாவித்துக் குடித்து, கட்டைவிரலைக் கீறி ரத்தக் கைநாட்டு வைத்து, உயிரையும் பொருளையும் தருவதாகச் சத்தியம் செய்தார்கள் என்பது வழக்கில் வந்த சாட்சியம். ஆளுக்கொரு புனைபெயரும் உண்டு. உறுப்பினர்கள் ஒருவரையொருவர் முழுதாக அறியக்கூடாது என்பது இத்தகைய சங்கங்களின் அடிப்படை விதி. அதில் ஒரு விபரீதம் இருக்கிறது. தன்னைப் போல் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்க வழி அடைபட்டவர், மற்ற ஊர்களிலெல்லாம் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள் என்று தலைவர் சொன்னால் நம்புவதைத் தவிர வேறென்ன செய்வார்? 1911 தொடக்கத்தில் விடுப்பெடுத்துப் புதுச்சேரிக்குப் போய் வ.வே.சு. ஐயரைச் சந்தித்துவிட்டு வந்த வாஞ்சிக்கு, தேசமே திரண்டு நிற்பது போலத் தோன்றியிருக்கும்.

தோன்றியதற்குக் கண்முன் சாட்சியும் இருந்தது. மூன்றே ஆண்டுகளுக்கு முன், 1908 மார்ச் 12 அன்று வ.உ.சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலி பற்றி எரிந்தது. நகராட்சி அலுவலகம், தபால் நிலையம், நீதிமன்றக் கட்டடம் எல்லாம் தாக்கப்பட்டன; நகராட்சியின் மண்ணெண்ணெய்க் கிடங்கில் பிடித்த தீ நாட்கணக்கில் அணையவில்லை. போலீஸ் சுட்டதில் நான்கு பேர் செத்தார்கள். கடையடைப்பு, வேலைநிறுத்தம், தெருவெல்லாம் வந்தேமாதரம். அன்றைக்கு அந்தக் கூட்டத்தைப் பார்த்த எவரும் இந்த ஊரில் ஒருவரும் வெள்ளையன் பக்கம் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார். பிறகு கூட்டம் வீட்டுக்குப் போய்விட்டது. சுதேசிக் கப்பல் கம்பெனி நொடித்தது. வ.உ.சி. செக்கிழுத்தார். ஊர் அடங்கியது. தெருவில் கத்தியவர்கள் எல்லாரும் உள்ளே இன்னமும் கத்திக்கொண்டுதான் இருக்கிறார்கள் என்று நினைத்தவர்கள் சிலர். வாஞ்சி அவர்களில் ஒருவர்.

இந்த மனக்கணக்கை 1977இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீ ராஸும் அவருடைய கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்தார்கள். விளம்பரப் பலகையை முன்னும் பின்னும் மாட்டிக்கொண்டு வளாகத்தைச் சுற்றி வர முடியுமா என்று மாணவர்களைக் கேட்டார்கள். சரி என்றவர்கள், நூற்றுக்கு 62 பேர் தங்களைப் போலவே சரி என்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். முடியாது என்றவர்களோ 67 பேர் மறுப்பார்கள் என்றார்கள். இரண்டு தரப்பும் பெரும்பான்மையாக இருக்க முடியாது. ஆனாலும் இரண்டு தரப்பும் பெரும்பான்மை தன் பக்கம் என்று உறுதியாக இருந்தது. பலகை மாட்டுவதற்கே இப்படியென்றால், உயிரைக் கொடுக்கத் துணிந்தவரின் கணக்கு எங்கே போய் நிற்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம்.

வாஞ்சியை மட்டும் சொல்லி நிறுத்துவது நியாயமில்லை. எதிர்த்தரப்பின் கணக்கு இன்னும் பழையது, இன்னும் துணிச்சலானது. 1888 நவம்பரில் கல்கத்தாவில் ஒரு விருந்தில் பேசிய வைஸ்ராய் டஃப்ரின், காங்கிரஸ்காரர்களை நுண்ணோக்கி வைத்துத் தேட வேண்டிய சிறுபான்மை என்றார். படித்த நாலு பேர் கூச்சலிடுகிறார்கள். வாய் திறக்காத கோடிக்கணக்கான குடியானவர்கள் எங்கள் பக்கம் என்பது அதன் பொருள். வாய் திறக்காதவர்கள் எந்தப் பக்கம் என்று அவருக்கு எப்படித் தெரியும்? கேட்டுப் பார்க்கும் ஏற்பாடு எதையும் அவர் அரசாங்கம் செய்து வைத்திருக்கவில்லை.

அந்த நம்பிக்கையும் உள்ளூரில் வந்தபோது ஆட்டம் கண்டது. 1908 கலவரத்துக்குப் பிறகு திருநெல்வேலியிலும் தூத்துக்குடியிலும் தண்டப் போலீஸ் நிறுத்தப்பட்டது. கூடுதல் போலீஸைக் கொண்டுவந்து இறக்கி, அதன் செலவை ஊர்க்காரர்கள் தலையிலேயே வரியாகக் கட்டுவது இந்த முறை. கலகம் செய்தது ஒரு சிலர், மற்றவர்களெல்லாம் விசுவாசிகள் என்றால் விசுவாசிகளிடம் எதற்கு வரி? மேடையில் ஒரு கணக்கு, வரிப் பதிவேட்டில் வேறு கணக்கு.

ஐந்தாம் ஜார்ஜ் 1911 டிசம்பர் 2 அன்று பம்பாயில் வந்து இறங்கினார். பத்து நாள் கழித்து டில்லியில் தர்பார் நடந்தது. மூவாயிரம் பேரில் ஒருவர்கூட வரவில்லை. தர்பாரில் திரண்ட லட்சோபலட்சம் ஜனங்களைக் காட்டி அரசாங்கம் தன் விசுவாசக் கணக்கை எழுதிக்கொண்டது. அதே தர்பாரில்தான் வங்கப் பிரிவினை ரத்து அறிவிக்கப்பட்டது என்பது வேடிக்கை. 1905இல், எதிர்ப்பவர்கள் சிலரே என்று சொல்லிச் செய்த காரியம் அது.

இரண்டு மாதம் போய் 1912 பிப்ரவரியில் ஆஷ் கொலை வழக்கில் தீர்ப்பு வந்தது. நீலகண்டருக்கு ஏழு ஆண்டு, வாஞ்சியின் உறவினர் சங்கரகிருஷ்ணனுக்கு நான்கு ஆண்டு, வேறு சிலருக்கு அதைவிடக் குறைவு. ஐந்து பேர் விடுதலை. விசாரித்த மூன்று நீதிபதிகளில் சர் சி.சங்கரன் நாயர் மற்ற இருவரோடு ஒத்துப்போகாமல் தனித் தீர்ப்பு எழுதினார். இவரே பிறகு வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் உறுப்பினராகி, ஜாலியன்வாலா பாக் படுகொலையையொட்டி 1919இல் அந்தப் பதவியை உதறியவர்.

வழக்குப் பட்டியலை வாசித்தால் இன்னொன்று கண்ணில் படும். ஐயர், பிள்ளை, ஐயங்கார் என்றே பெயர்கள் முடிகின்றன. கடிதமும் அதற்கேற்றாற்போல் சனாதன தர்மத்தின் பெயரால் பேசுகிறது; ராமர், கிருஷ்ணர், சிவாஜி, குரு கோவிந்தர் ஆண்ட நாடு என்கிறது; மாட்டிறைச்சி தின்னும் மிலேச்சன் என்று அரசரைச் சாடுகிறது. ஒவ்வொரு இந்தியனும் என்று எழுதியபோது வாஞ்சியின் மனக்கண்ணில் யார் யார் நின்றிருப்பார்கள்? அவர் பள்ளிப் பருவத்தில், 1899இல், கோவில் நுழைவை ஒட்டிச் சிவகாசிக் கலவரம் மூண்டு திருநெல்வேலி மாவட்டத்தின் பல ஊர்களை எரித்திருந்தது. கமுதிக் கோவிலுக்குள் நாடார்கள் போகலாமா என்ற வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் போகக்கூடாது என்று முடிந்திருந்தது. கோவிலுக்குள் விடாத ஜனங்களை ஒரே தர்மத்தின் படையாக எண்ணுவதற்கு நிறைய மறதி வேண்டும். இந்த விஷயத்தில் பிறகு முந்திக்கொண்டது எல்லைக்கு அந்தப் பக்கம்தான். 1936 நவம்பரில் திருவிதாங்கூர் மகாராஜாவின் பிரகடனம் செங்கோட்டைப் பக்கத்து அரசுக் கோவில்களைத் திறந்துவிட்டது. தென்காசிப் பக்கத்துக்குச் சட்டம் வர 1939 ஆயிற்று.

நம் காலத்தில் தராசு மறுபக்கம் சாய்கிறது. அக்கிரகாரத்து வழியாக ஒரு கர்ப்பிணியை வண்டியில் ஏற்றிப் போக உதவியவர் ஆஷ், குற்றால அருவியில் எல்லாச் சாதியாரும் குளிக்க வழி செய்தவர் ஆஷ், அதனால்தான் கொன்றார்கள் என்ற கதைகள் இப்போது பரவலாகச் சொல்லப்படுகின்றன. ஆவணங்களைத் துருவியவர்கள் இவற்றுக்கு ஆதாரம் காணவில்லை. ஆனாலும் கதைகள் நிற்கவில்லை. வாஞ்சியின் கணக்கில் விடுபட்டுப்போனவர்கள் தங்களுக்கென ஒரு கணக்கை எழுதிக்கொள்கிறார்கள் என்றே இதைப் பார்க்கத் தோன்றுகிறது.

வெள்ளையர் மூட்டை கட்டிய நேரத்திலும் இந்த எட்டு கிலோமீட்டர் சும்மா இருக்கவில்லை. 1947 ஜூனில் திவான் சி.பி.ராமசாமி ஐயர், ஆகஸ்டுக்குப் பிறகு திருவிதாங்கூர் தனி நாடு என்று அறிவித்தார். அது நிலைத்திருந்தால் செங்கோட்டைக்காரர் குற்றாலத்தில் ஒரு குளி போட்டுவரப் பாஸ்போர்ட் எடுத்திருக்க வேண்டும். ஆள்பவருக்கு அறிவும் நிர்வாகத் திறமையும் இருந்தால் குடிகளின் சம்மதம் தானாகக் கூடிவரும் என்று சி.பி. நினைத்திருக்க வேண்டும். முந்தைய அக்டோபரில் புன்னப்புரை வயலாரில் நூற்றுக்கணக்கானவர்கள் சுடப்பட்டுச் செத்தது அவர் எண்ணத்தைக் கலைக்கவில்லை. ஜூலை 25 அன்று திருவனந்தபுரத்தில் ஒரு கச்சேரியிலிருந்து வெளியேறும்போது அவரை வெட்டினார்கள். பிழைத்தார், ஆனால் சில நாட்களிலேயே திருவிதாங்கூர் இந்தியாவோடு இணைந்தது, அவரும் ஊரைவிட்டுப் போனார்.

இதற்குப் பின் வந்த சண்டையில் துப்பாக்கியைவிட மனுக்கள் அதிகம். 1945 டிசம்பரில் நாகர்கோவிலில் தோன்றிய அமைப்பு திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸாக வளர்ந்து, மார்ஷல் நேசமணி தலைமையில் தென் தாலுகாக்களையும் செங்கோட்டை, தேவிகுளம், பீர்மேடு பகுதிகளையும் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டது. ஐக்கிய கேரள இயக்கத்தார் கன்னியாகுமரி முதல் கோகர்ணம் வரை தங்களுடையது என்றார்கள். சென்னையில் ம.பொ.சி. போன்றவர்கள் வேங்கடம் முதல் குமரி வரை என்றார்கள். இரண்டு தரப்பும் எல்லையைப் பழம்பெருமையிலிருந்து எடுத்தன, இரண்டும் குமரிமுனையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. நடுவில் வாழ்ந்தவர்கள் தங்கள் பக்கம் என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

1954 தேர்தல் முடிவுகள் இந்த உறுதிகளுக்கெல்லாம் ஒரு நல்ல பரிசோதனை. திருவிதாங்கூரும் கொச்சியும் சேர்ந்த திரு-கொச்சி மாநிலச் சட்டமன்றத்தின் 117 இடங்களில் காங்கிரஸுக்கு 45, கம்யூனிஸ்டுகளுக்கு 23, பிரஜா சோஷலிஸ்டுகளுக்கு 19, தமிழ்நாடு காங்கிரஸுக்கு 12. ஆட்சி அமைத்தது யார்? 19 இடம் பெற்ற பிரஜா சோஷலிஸ்டுகள். காங்கிரஸ் வெளியே நின்று தாங்க, பட்டம் தாணுப்பிள்ளை முதல்வரானார். சட்டப்படி அதில் குறையில்லை. ஆனால் ஆறில் ஒரு பங்கு இடம்கூட இல்லாத கட்சி, தமிழர் கிளர்ச்சியைச் சட்டம் ஒழுங்குப் பிரச்சினையாக மட்டும் பார்த்தபோது அதன் பலவீனம் வெளிப்பட்டது. ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. அதே கட்சியின் பொதுச் செயலாளர் ராம் மனோகர் லோகியா, மக்களைச் சுட்ட அரசு பதவி விலக வேண்டும் என்று தன் சொந்தக் கட்சி முதல்வரிடமே கேட்டார். பட்டம் விலகவில்லை. கட்சிதான் பிறகு உடைந்தது. இந்தியாவில் ஆளும் உரிமை எங்கிருந்து வருகிறது என்ற கேள்வியை ஒரு தலைவர் தன் தரப்பைப் பார்த்தே கேட்ட அபூர்வ சம்பவம் அது. தமிழ்நாட்டில் அதை இன்னும் அதிகம் நினைவுகூரலாம்.

பஸல் அலி, குன்ஸ்ரு, கே.எம்.பணிக்கர் ஆகிய மூவர் கொண்ட மாநிலச் சீரமைப்பு ஆணையம் அப்போது நாடு சுற்றிக்கொண்டிருந்தது. அதற்கு வந்த மனுக்களும் தந்திகளும் 1,52,250. எல்லாரும் மக்கள் பெயரால் எழுதினார்கள். அவற்றில் யோசித்து எழுதியவை என்று ஆணையம் கருதியது ஏறத்தாழ 2,000தான். மீதி ஒரே தீர்மானத்தைப் பல ஊரிலிருந்து அனுப்பியது போன்ற சரக்கு. மனுக்களின் குவியலை வைத்து மக்கள் மனத்தை அளக்க முடியாது என்று கண்டுகொண்ட ஆணையம் பல இடங்களில் மக்கள்தொகைக் கணக்கை எடுத்துக்கொண்டது. செங்கோட்டைத் தாலுகாவில் தமிழ் பேசுவோர் நூற்றுக்கு 93. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கிலும் சேர்த்து 79. ஐந்தையும் சென்னை மாநிலத்துக்குக் கொடுக்கச் சொல்லி 1955 செப்டம்பர் 30 அன்று அறிக்கை கொடுத்தார்கள்.

எண்ணிக்கை மட்டும் தீர்ப்பெழுதியது என்றும் சொல்லிவிட முடியாது. தேவிகுளத்தில் தமிழர் நூற்றுக்கு 72. அங்கே அவர்களில் பெரும்பாலோர் தோட்டத் தொழிலாளிகள், வந்து போகிறவர்கள் என்று சொல்லிக் கேரளத்திடமே விட்டார்கள். தலைமுறையாகத் தேயிலை பறித்தவர்களை வந்து போகிறவர்கள் கணக்கில் எழுதியது இன்றும் உறுத்துகிறது. 93 என்ற எண்ணுக்கும் ஒரு எல்லை உண்டு. அது வீட்டில் பேசும் மொழியைச் சொல்லும்; எந்த அரசின் கீழ் வாழ விருப்பம் என்பதைச் சொல்லாது. அதைக் கேட்கத் தனி வாக்கெடுப்பு எந்தத் தாலுகாவிலும் நடக்கவில்லை. தமிழ் பேசினால் தமிழ்நாட்டைத்தான் விரும்புவார் என்பது, அநேகமாகச் சரியாகவே இருந்தாலும், ஓர் அனுமானம்தான்.

1956 நவம்பர் 1 அன்று நான்கு தென் தாலுகாக்கள் கன்னியாகுமரி மாவட்டமாயின. செங்கோட்டை திருநெல்வேலி மாவட்டத்தில் சேர்ந்தது, ஆனால் முழுதாக அல்ல. ஆணையம் தாலுகாவை அப்படியே தரச் சொல்லியிருந்தும், மேற்கே ஆரியங்காவு, அச்சன்கோவில் பக்கத்துக் காடுகள் கேரளத்தோடு நின்றுவிட்டன. மொழிக்கணக்கு பார்த்து வந்த கோடு மலையேறியதும் மரக்கணக்குக்கு மாறிவிட்டது. அடுத்த ஆண்டே தமிழ்நாடு காங்கிரஸைக் கலைத்துவிட்டு நேசமணி இந்திய தேசிய காங்கிரஸில் சேர்ந்தார். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டமானபோது செங்கோட்டை அதன் தாலுகாக்களில் ஒன்றாயிற்று. புளியரைச் சோதனைச்சாவடிக்கு மேலே கேரளம் தொடங்குகிறது. திருவிதாங்கூர் மகாராஜாக்கள் சீசனுக்கு வந்து தங்கக் குற்றாலத்தில் வைத்திருந்த அரண்மனையோ, எல்லைக்கு இந்தப் பக்கம் இருந்துகொண்டே கேரள அரசின் சொத்தாகத் தொடர்கிறது.